கணக்கு எங்கே, கமிஷனரே?

கணக்குக் கேட்டால் கோபம் வருகிறது, பதவியில் இருப்போருக்கு! "எங்கள்மீது நம்பிக்கை இல்லையா?" என்கிறார்கள். "இது நிபுணர்கள் பார்க்கவேண்டிய விவகாரம், உமக்குப் புரியாது" என்கிறார்கள். "ஊருக்கு உழைக்கிறவனைப் பார்த்து இப்படியா கேட்பது?" என்று அங்கலாய்க்கிறார்கள்.

சரி, கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நம்பினோம், நாணயஸ்தர் என்று எண்ணினோம், வாக்குப் போட்டோம், வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டோம் என்றே வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்?

என்ன நடக்கும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. நடந்தே இருக்கிறது. பணக்கார நாடு, ஜனநாயகத்தின் தாயகம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் அமெரிக்காவிலே, அலபாமா மாநிலத்திலே, ஜெஃபர்சன் கவுண்டியிலே நடந்திருக்கிறது. அங்கே மக்கள் கேட்காமல் விட்ட கணக்கின் விலை, 420 கோடி டாலர்!

கவுண்டி என்றால் என்ன என்று தோழர்கள் கேட்கலாம். நம் பக்கத்தில் ஒரு காலத்தில் ஜில்லா போர்டு என்று இருந்ததே, ஏறக்குறைய அதைப் போன்றது. சாலை, மருத்துவமனை, சிறைச்சாலை, சாக்கடை இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் ஆட்சி. ஜெஃபர்சன் கவுண்டியின் தலைநகர் பர்மிங்ஹாம். இரும்புக் கனியும் நிலக்கரியும் சுண்ணாம்புக் கல்லும் பக்கம் பக்கமாகக் கிடைத்த மண்ணில், 1871-இல் எழுந்த உருக்குத் தொழில் நகரம் அது. உலைக்களத்தில் வெந்து உழைத்தவர்களின் ஊர். 2010-ஆம் ஆண்டுக் கணக்குப்படி கவுண்டியின் மக்கள் தொகை சுமார் ஆறரை லட்சம். ஆட்சி செய்ய ஐந்து கமிஷனர்கள். ஐவரையும் மக்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். எந்த மன்னரும் நியமித்து அனுப்பவில்லை. அதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

சாக்கடையில் தொடங்கிய கதை

அந்தக் கவுண்டியில் நெடுங்காலமாகவே சாக்கடைக் குழாய்கள் பழுதுபட்டுக் கிடந்தன. மழை பெய்தால் கழிவுநீர் பொங்கி, கஹாபா ஆற்றிலும் பிளாக் வாரியர் ஆற்றிலும் கலந்தது. பொறுத்துப் பார்த்த ஊர்மக்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். மத்திய அரசும் அவ்வழக்கில் சேர்ந்தது. முடிவில் 1996-ஆம் ஆண்டு, சாக்கடை அமைப்பு முழுவதையும் சீர்செய்து தருவதாகக் கவுண்டி நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. இருபத்தொரு ஊர்களின் குழாய்கள் கவுண்டியின் பொறுப்பில் வந்தன.

இதிலே குற்றம் சொல்ல ஏதுமில்லை. ஆற்றைக் காக்கவேண்டியதுதான். குழாயை மாற்றவேண்டியதுதான். பணம் செலவாகத்தான் செய்யும். வேலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்றார்கள் நம் முன்னோர். ஜெஃபர்சன் கவுண்டியில் ஆற்றின் பெயரைச் சொல்லியே போட்டார்கள், அளக்காமல் போட்டார்கள். போனது எவ்வளவு, யார் கைக்குப் போனது என்று எவருக்கும் தெரியாமல் போட்டார்கள்.

கடன் வாங்கவேண்டும். எப்படி வாங்குவது? அலபாமா மாநில அரசியல் சட்டம் ஒரு தடை வைத்திருக்கிறது. கவுண்டி 'கடன் பத்திரம்' வெளியிடவேண்டுமானால் முதலில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவேண்டும். நல்ல சட்டம்தான். கடனைக் கட்டப்போகிறவன் மக்கள். ஆகவே அவனைக் கேள் என்கிறது. ஆனால் சட்டத்துக்கு ஒரு சந்து இருந்தது. அதே கடனுக்குப் 'பத்திரம்' என்று பெயரிடாமல் 'வாரண்டு' என்று பெயரிட்டால் வாக்கெடுப்பு வேண்டாம்!

கவனியுங்கள், தோழர்களே! பணம் அதே பணம், வட்டி அதே வட்டி, கட்டப்போகிறவனும் அதே ஏழை. பெயர் ஒன்றுதான் மாறியது. பெயர் மாறியதும் மக்களின் உரிமை மறைந்தது. ஏறத்தாழ 300 கோடி டாலர் சாக்கடைக் கடன் முழுவதும் வாரண்டு என்ற பெயரிலேயே வந்தது. ஒரு தடவையாவது மக்களை அழைத்து, "இவ்வளவு வாங்கப்போகிறோம், சம்மதமா?" என்று கேட்கும் கட்டாயம் கமிஷனர்களுக்கு இருக்கவில்லை. கடன் வாரண்டாக வந்தது, பின்னாளில் கைது வாரண்டாகவும் வந்தது என்பது வேறு கதை. அதற்கும் வருகிறோம்.

ஆளுக்கொரு ராஜ்யம்

ஐந்து கமிஷனர்களும் கூடிப் பேசி ஆண்டார்களா என்றால், அதுவுமில்லை. ஆளுக்கொரு இலாகா. நிதி ஒருவருக்கு, சாக்கடையும் சுற்றுச்சூழலும் இன்னொருவருக்கு, சாலை வேறொருவருக்கு. அவரவர் இலாகாவில் அவரவர் ராஜா. மேலே நின்று கணக்கை ஒருங்கே பார்க்க, தேர்ச்சி பெற்ற தலைமை நிர்வாகி என்று ஒருவர் அந்நாளில் இல்லை. "என் வீட்டுக்குள் நீ எட்டிப் பார்க்காதே, உன் வீட்டுக்குள் நான் எட்டிப் பார்க்கவில்லை" என்னும் ஏற்பாட்டுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

சாக்கடை இலாகாவை நடத்தியவர் கிறிஸ் மெக்நேர். இந்தப் பெயரை எழுதும்போது நமக்கே மனம் கனக்கிறது. 1963-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், பர்மிங்ஹாம் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்றில் நிறவெறியர்கள் குண்டு வைத்தார்களே, நான்கு சிறுமிகள் மாண்டார்களே, அந்த நால்வரில் பதினோரு வயது டெனிஸ் இவருடைய மகள். மகளைப் பறிகொடுத்த தந்தை. நெஞ்சு வெடிக்கும் துயரத்தைச் சுமந்து பொதுவாழ்வுக்கு வந்தவர். மக்கள் அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவார்கள்?

அந்த மெக்நேர், சாக்கடை வேலை ஒப்பந்தக்காரர்களிடம் லஞ்சம் பெற்றார் என்று 2006-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருடைய புகைப்பட நிலையத்தைப் புதுப்பித்துக் கட்டும் வேலையிலே ஒப்பந்தக்காரர்களின் உதவி புகுந்திருந்தது. 2011-இல் சிறை சென்றார், 2013-இல் விடுதலையானார், 2019-இல் மறைந்தார்.

அவரை ஏசுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. நமக்கே சொல்லிக்கொள்வதற்காகச் சொல்கிறோம். தியாகம் பெரிது, அதற்குத் தலை வணங்குவோம். ஆனால் தியாகம், கஜானாவின் சாவி அல்ல! நேற்று அடிபட்டவர், சிறை சென்றவர், இழக்கக்கூடாததை இழந்தவர் என்பதற்காக, இன்று கணக்குக் காட்டவேண்டாம் என்று விட்டுவிட்டால், அவருக்கும் கேடு, ஊருக்கும் கேடு. கணக்குக் கேட்டிருந்தால் ஒருவேளை அந்தத் தந்தையின் பெயர் களங்கப்படாமலே இருந்திருக்கும். கேள்வி என்பது தலைவனுக்குப் பகையல்ல, காவல்.

சிறிய லஞ்சம், பெரிய கொள்ளை

அடுத்து வருகிறவர் லாரி லாங்ஃபோர்டு. 2002-இல் கமிஷனின் தலைவரானார். நிதி அவர் கையில். அவர் காலத்தில் 2002, 2003 ஆண்டுகளில், பழைய கடனையெல்லாம் புரட்டிப் போட்டு எழுதினார்கள். நிலையான வட்டிக் கடன், ஏறி இறங்கும் வட்டிக் கடனாக மாறியது. ஏலத்தில் யார் எந்த வட்டிக்குக் கேட்கிறார்களோ, அதுதான் அந்தத் தவணையின் வட்டி!

வட்டி திடீரென்று ஏறினால்? அதற்கும் ஒரு மருந்து என்று சொல்லி, வங்கிகளோடு வட்டிமாற்று ஒப்பந்தங்கள் போட்டார்கள். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: "நான் உனக்கு நிலையான வட்டி தருகிறேன், நீ எனக்கு மாறும் வட்டி தா. அதைக் கொண்டு என் கடன்காரனுக்குக் கட்டிக்கொள்கிறேன்." வெளிப்பார்வைக்கு நல்ல யோசனை. ஆனால் வங்கி தருகிற மாறும் வட்டி ஒரு கணக்குப்படி. கடன்காரன் கேட்கிற மாறும் வட்டி வேறொரு கணக்குப்படி. இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கும் என்பது நம்பிக்கை மட்டுமே. பந்தயம் என்றுதான் அதற்குப் பெயர். 500 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு இந்தப் பந்தயம் கட்டினார்கள்!

இவ்வளவு பெரிய வேலையை எந்த வங்கிக்குக் கொடுப்பது என்று பகிரங்க டெண்டர் விட்டார்களா? இல்லை. பேசி முடித்தார்கள். யாரோடு யார் பேசினார்கள்? அதுதான் பின்னாளில் நீதிமன்றத்தில் வெளிவந்தது. பில் பிளவுண்டு என்ற மாண்ட்காமரி நகரத்து முதலீட்டுத் தரகர், அல் லாபியர் என்ற இடைத்தரகர் மூலமாக லாங்ஃபோர்டுக்குக் கொடுத்தது ரொக்கம், உடைகள், நகை, ரோலக்ஸ் கைக்கடிகாரம். மொத்த மதிப்பு சுமார் 2 லட்சத்து 35 ஆயிரம் டாலர். கவுண்டியின் கடன் வேலைகளில் பிளவுண்டின் நிறுவனத்துக்குக் கிடைத்த கட்டணம் சுமார் 71 லட்சம் டாலர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கொடுத்தது ஒன்று, எடுத்தது முப்பது! வேறெந்த வியாபாரத்திலே இப்படி லாபம் வரும்? ஆனால் கொள்ளை இத்தோடு நிற்கவில்லை. ஜே.பி. மார்கன் என்னும் மாபெரும் வங்கி, இந்த வேலையைப் பெறுவதற்காக, கமிஷனர்களுக்கு வேண்டியவர்களின் உள்ளூர் நிறுவனங்களுக்கு 82 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது என்று அமெரிக்கப் பங்குப் பத்திர ஆணையம் குற்றஞ்சாட்டியது. அந்த நிறுவனங்கள் அந்த ஒப்பந்தங்களில் செய்த வேலை என்ன? ஒன்றுமில்லை. ஒப்பந்தத் தாள்களிலும் கடன் விளம்பர அறிக்கைகளிலும் இந்தப் பணம் பற்றி ஒரு வரி உண்டா? இல்லை. பிறகு யார் தலையில் இந்தச் செலவு விழுந்தது? கவுண்டியிடம் வாங்கும் வட்டியை உயர்த்தி, கவுண்டியின் தலையிலேயே கட்டினார்கள் என்கிறது ஆணையம்.

அதாவது, தன்னை ஏமாற்றுகிறவனுக்குக் கூலியையும் ஏமாந்தவனே கட்டியிருக்கிறான். அவனுக்குத் தெரியாமலே கட்டியிருக்கிறான்!

இங்கேதான் நாம் ஊன்றி நிற்கவேண்டிய இடம் இருக்கிறது. 2 லட்சத்து 35 ஆயிரம் டாலர் லஞ்சம் ஒரு கவுண்டியைக் கவிழ்த்துவிடாது. கவிழ்த்தது எது? லஞ்சம் வாங்கியவன், தான் வாங்கியதை மறைப்பதற்காக, ஒப்பந்தத்தையே மறைக்கவேண்டியதாயிற்று. ஒப்பந்தம் மறைந்ததால் அதிலிருந்த அபாயமும் மறைந்தது. "வட்டி ஏறினால் என்ன ஆகும்?" என்று கேட்கக்கூடிய ஆயிரம் பேரின் கண்ணில் அந்தத் தாள் படவே இல்லை. திருடன் எடுத்தது சிறிது. ஆனால் திருட வசதியாக அவன் விளக்கை அணைத்தான். இருட்டில் வீடே இடிந்துவிட்டது.

இடி விழுந்த ஆண்டு

2008-ஆம் ஆண்டு பணச்சந்தை ஆட்டம் கண்டது. கவுண்டியின் கடனுக்கு உத்தரவாதம் தந்திருந்த காப்பீட்டு நிறுவனங்களின் மதிப்பு சரிந்தது. வாரண்டுகளை ஏலத்தில் கேட்க ஆளில்லை. வட்டி வானத்துக்கு ஏறியது. வங்கி தரும் மாறும் வட்டியோ இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கும் என்றார்களே, அந்த நம்பிக்கை நடுத்தெருவில் நின்றது. பல ஆண்டுகளில் கட்டவேண்டிய அசலைச் சில ஆண்டுகளில் கட்டு என்று வங்கிகள் நெருக்கின.

2009 அக்டோபரில் லாங்ஃபோர்டு, அப்போது பர்மிங்ஹாம் மேயராக இருந்தவர், 60 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். 2010-இல் பதினைந்தாண்டுச் சிறைத் தண்டனை. நோய் முற்றிய நிலையில் 2018 இறுதியில் விடுவிக்கப்பட்டு, 2019 ஜனவரியில் மறைந்தார். பிளவுண்டும் லாபியரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள். கமிஷனர்கள், அதிகாரிகள், ஒப்பந்தக்காரர்கள் என்று இந்தச் சாக்கடை விவகாரத்தில் தண்டனை பெற்றவர்கள் இருபது பேரளவில்.

அந்தக் கமிஷனர்களில் கறுப்பரும் உண்டு, வெள்ளையரும் உண்டு. டெமாக்ரடிக் கட்சிக்காரரும் உண்டு, ரிபப்ளிகன் கட்சிக்காரரும் உண்டு. மேடையில் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டவர்கள், மூடிய கதவுக்குப் பின்னால் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். கதவு மூடியிருந்தால் எல்லாக் கட்சிக்கும் பசி எடுக்கும் போலும்!

வங்கிக்கு என்ன ஆயிற்று? 2009 நவம்பரில் ஜே.பி. மார்கன், கவுண்டிக்கு 5 கோடி டாலரும், அபராதமாக 2 கோடியே 50 லட்சம் டாலரும் கொடுத்தது. வட்டிமாற்று ஒப்பந்தங்களை முறித்ததற்காகக் கவுண்டியிடம் கேட்டுக்கொண்டிருந்த 64 கோடியே 70 லட்சம் டாலரைக் கைவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ரோலக்ஸ் கட்டிய கைக்கு விலங்கு வந்தது. அதைவிடப் பெரிய கைகள் அபராதம் கட்டிவிட்டு நடையைக் கட்டின.

யார் தலையில் விடிந்தது?

2011-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், ஜெஃபர்சன் கவுண்டி திவால் மனு போட்டது. கடன் சுமார் 420 கோடி டாலர். அதில் 300 கோடிக்கு மேல் சாக்கடைக் கடன். ஆண், பெண், தொட்டிலில் கிடக்கும் குழந்தை என்று அத்தனை பேருக்கும் பங்கு போட்டால், தலைக்கு ஆறாயிரம் டாலருக்கு மேல்! 2013-இல் டெட்ராய்ட் நகரம் திவாலாகும்வரை, அமெரிக்க உள்ளாட்சி வரலாற்றிலேயே மிகப் பெரிய திவால் இதுதான்.

இதே காலத்தில் இன்னொரு இடியும் விழுந்தது. கவுண்டியில் வேலை செய்கிறவர்களின் சம்பளத்தில் நூற்றுக்கு அரை வீதம் வரி பிடித்து வந்தார்கள். 1987-இல் தொடங்கிய வரி. அதிலே ஒரு வேடிக்கை: மாநில அரசுக்கு உரிமக் கட்டணம் செலுத்தும் வக்கீல், டாக்டர் போன்றோருக்கு விலக்கு, ஆலைத் தொழிலாளிக்கு விலக்கில்லை! அந்த வரியை ரத்து செய்து மாநிலச் சட்டமன்றம் ஏற்கனவே சட்டம் இயற்றிவிட்டது என்றும், ஆகவே பிடித்து வந்தது செல்லாது என்றும் 2009-இல் நீதிமன்றம் கூறியது. அவசரமாகப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதையும் 2011 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளியது. காரணம் என்ன தெரியுமா? இப்படி ஒரு சட்டம் வரப்போகிறது என்று முன்கூட்டியே மக்களுக்கு முறைப்படி அறிவிப்பு வெளியிடவில்லை! மக்களிடம் சொல்லாமல் செய்வது அவ்வளவு பழகிப்போயிருந்தது. சொல்லிச் செய்திருந்தால் அந்த வருமானமாவது மிஞ்சியிருக்கும்.

சாக்கடைக் கடன் ஒரு பக்கம், வரி வீழ்ச்சி மறு பக்கம். நடுவிலே நசுங்கியவன் யார்? கமிஷனரா? வங்கி முதலாளியா? 2009 ஆகஸ்டில் ஆயிரம் பேரளவில் கவுண்டி ஊழியர்கள் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். 2011-இல் மீண்டும் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கிளை அலுவலகங்கள் மூடப்பட்டன. கையில் காசில்லாதவன் போய்ப் படுக்கும் கூப்பர் கிரீன் மருத்துவமனையில், 2012-ஆம் ஆண்டோடு உள்நோயாளிப் பிரிவும் அவசர சிகிச்சைப் பிரிவும் மூடப்பட்டன. வெளிநோயாளிப் பிரிவு மட்டும் மிஞ்சியது. நடுநிசியில் மார்வலி வந்த ஏழை வேறு கதவைத் தட்டவேண்டியதாயிற்று.

சாக்கடைக் கட்டணமோ, 1997-க்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு மடங்காக ஏறியிருந்தது. அதோடு விட்டதா? 2013 டிசம்பரில் திவாலிலிருந்து கவுண்டி வெளியே வந்தது. கடன் கொடுத்தவர்கள் 140 கோடி டாலரளவு விட்டுக்கொடுத்தார்கள். அதிலே பெரும்பங்கு ஜே.பி. மார்கனுடையது. நன்று. ஆனால் பழைய கடனை அடைக்க 178 கோடி டாலருக்குப் புதுக் கடன்! அதைக் கட்டுவதற்கு, கட்டணத்தை முதல் நான்காண்டும் ஆண்டுக்கு 7.41 சதவீதம், பிறகு ஆண்டுதோறும் 3.49 சதவீதம் உயர்த்துவதென்று திட்டம். நாற்பதாண்டுத் திட்டம். 2053 வரை!

இதையும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தத் திட்டம் தாளில் எழுதியபடியே நடக்குமானால், 2013-இல் 100 டாலர் கட்டிய வீடு, நான்காண்டில் 133 டாலர் கட்டவேண்டும். நாற்பதாவது ஆண்டில் 450 டாலரைத் தாண்டும். லாங்ஃபோர்டு மறைந்துவிட்டார். மெக்நேர் மறைந்துவிட்டார். அவர்கள் ஆண்ட காலத்தில் பிறக்கவே பிறக்காத குழந்தை, வளர்ந்து, வேலைக்குப் போய், கூலி வாங்கி, அவர்கள் போட்ட கையெழுத்துக்குக் காசு கட்டவேண்டும்!

"இது அநியாயம், இந்த ஏற்பாட்டை எதிர்க்கிறோம்" என்று கட்டணம் கட்டுகிற மக்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். ஆண்டுகள் ஓடின. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: புதுக் கடன் பத்திரங்கள் விற்கப்பட்டுவிட்டன, பலர் அதை நம்பிப் பணம் போட்டுவிட்டார்கள், இனி திருப்ப முடியாது. நேரம் கடந்துவிட்டது என்று பொருள். கையெழுத்துக்கு முன்னே கேட்கவேண்டிய கேள்வியைக் கையெழுத்துக்குப் பின்னே கேட்டால், நியாயம் உன் பக்கம் இருந்தாலும் கதவு திறக்காது.

சமாதானங்கள் மூன்று

இத்தனைக்குப் பிறகும் சமாதானம் சொல்பவர்கள் இல்லாமலில்லை.

"ஒருசில கெட்ட மனிதர்கள் செய்த காரியம்" என்பார்கள். தண்டிக்கப்பட்டவர் ஒருவர் இருவர் என்றால் ஒப்புக்கொள்ளலாம். இருபது பேரளவில்! அத்தனை பேரும் தற்செயலாக ஒரே கட்டடத்தில் வந்து சேர்ந்தார்களா? மனிதரைக் கெடுத்தது மூடிய கதவு. கதவை அப்படியே வைத்துவிட்டு ஆளை மட்டும் மாற்றினால், அடுத்தவரும் கெடுவார்.

"உலகச் சந்தை சரிந்தது, கவுண்டி என்ன செய்யும்?" என்பார்கள். சந்தை 2008-இல் அமெரிக்கா முழுவதற்கும்தான் சரிந்தது. அந்நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. 420 கோடி டாலருக்குத் திவாலான கவுண்டி இது ஒன்றுதான். புயல் எல்லோர் வீட்டுக்கும் வந்தது. கூரையைத் திருடிக்கொண்டு போனவர்கள் இருந்த வீடுதான் நனைந்தது.

"இதெல்லாம் மக்களுக்குப் புரியாது" என்பதுதான் மூன்றாவது சமாதானம். இதைத்தான் நாம் கடுமையாக மறுக்கிறோம். வட்டி என்றால் என்னவென்று உழைப்பாளிக்குப் புரியாதா? கந்துவட்டிக்காரனிடம் கடன் பட்டவனுக்கு, வட்டி ஏறினால் அடுப்பு அணையும் என்பது புரியாதா? சீட்டுக் கட்டும் தாய்மாருக்கு, தரகு யாருக்குப் போகிறது என்று கேட்கத் தெரியாதா? புரியாதது மக்களுக்கல்ல. புரியும்படி எழுதினால் கேள்வி பிறக்கும் என்று அஞ்சியவர்களுக்குத்தான் எழுதத் தெரியவில்லை.

கேட்கவேண்டிய கேள்விகள் நான்கே நான்குதான். எவ்வளவு கடன், வட்டி ஏறினால் யார் தாங்குவது? யார் யாருக்குத் தரகும் கூலியும் போகின்றன, எதற்காக? டெண்டர் விட்டீர்களா, விடவில்லை என்றால் ஏன்? கையெழுத்துப் போடுவதற்கு முன் எத்தனை நாள் அந்தத் தாள் மக்கள் பார்வையில் இருந்தது? இந்த நான்கும் 2002-இல் ஜெஃபர்சன் கவுண்டிக் கூட்டத்தில் கேட்கப்பட்டு, பதில் கிடைக்கும்வரை கையெழுத்து நிறுத்தப்பட்டிருந்தால், 82 லட்சம் டாலர் போன வழி அன்றே தெரிந்திருக்கும்.

2009-இல் வந்த ஒரு சட்டத்தால், கவுண்டிக்குத் தலைமை நிர்வாகி வேண்டும் என்றாயிற்று. 2011-இல் ஒருவர் நியமிக்கவும்பட்டார். ஆளுக்கொரு ராஜ்யம் என்ற முறை ஒழிந்தது. வரவேற்கவேண்டியதுதான். ஆனால் அதே ஆண்டில்தான் திவாலும் வந்தது. பூட்டு வாங்கி வந்தார்கள், களவு போன பிறகு!

வாக்கு பாதி, கணக்கு பாதி

தோழர்களே! ஜெஃபர்சன் கவுண்டி மக்களுக்கு வாக்குரிமை இல்லாமலா இவ்வளவும் நடந்தது? இருந்தது. அந்த உரிமைக்காக அங்குள்ள கறுப்பின மக்கள் சிந்திய ரத்தம் உலகறியும். தேர்தல் தவறாமல் நடந்தது. வாக்குப் பெட்டி தவறாமல் வந்தது. ஆனாலும் கஜானா காலியாயிற்று. ஏனென்றால் நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களிடம் இருந்தது. அந்த ஆள் அன்றாடம் என்ன செய்கிறான் என்று பார்க்கும் உரிமை, 'வாரண்டு' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால், மூடிய அறைக்குப் பின்னால், புரியாத தாளுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது.

வாக்குச் சீட்டு பாதி உரிமை. கணக்குப் புத்தகம் மறு பாதி. முதல் பாதியைக் கொடுத்து மறு பாதியை வைத்துக்கொள்கிறவன், நமக்கு உரிமை தரவில்லை; கடன் கட்டும் வேலையை மட்டும் தந்திருக்கிறான்.

ஆகவே கேளுங்கள். எதிர்க்கட்சிக்காரனிடம் கேட்பது எளிது, அதைக் கேட்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்மவரிடமும் கேளுங்கள். மாலை போட்ட கையாலேயே கணக்கையும் கேளுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும். நேர்மையானவர் கோபம் ஐந்து நிமிஷத்தில் ஆறும். புத்தகத்தைத் திறந்து காட்டுவார். ஆறாத கோபம் வருகிறதென்றால், புத்தகத்தில் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

கையெழுத்துக்கு முன் கேட்டால் அது கேள்வி. கையெழுத்துக்குப் பின் கேட்டால் அது ஒப்பாரி. ஜெஃபர்சன் கவுண்டியின் ஏழைக்கு இரண்டாவதுதான் மிஞ்சியது.